பேப்பர் கட்டிங் வாங்குவதா, வரைந்துகொள்வதா?

கடையில் போய் 36 அளவில் பிளவுஸ் பேப்பர் கட்டிங் கேட்டால், முன்பக்கம், பின்பக்கம், கை, பட்டி எல்லாவற்றையும் தடித்த அட்டையில் வெட்டி ஒரே உறையில் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். விலையும் கையைக் கடிக்காது. தையல் பழகத் தொடங்கியபோது நானும் அதைத்தான் வாங்கினேன். எனக்கும் என் அக்காவுக்கும் மார்புச் சுற்றளவு ஒன்றுதான் என்பதால் அதே அட்டையை வைத்து இரண்டு பிளவுஸ் வெட்டினேன். என்னுடையது பொருந்தியது. அக்காவுக்குத் தோள் வழிந்து இறங்கியது. கையைத் தூக்கினால் பிளவுஸும் கூடவே மேலேறியது. எங்கள் தெருத் தையற்காரர் அதைப் பார்த்துவிட்டு, "மார்பு 36 என்றால் தோளும் ஒன்றாகவா இருக்கும், அம்மா?" என்று கேட்டார்.

அந்த அட்டையின் பலவீனம் முழுவதும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. மார்பளவு ஒன்றை மட்டும் கொண்டு தோள் அகலம், அக்குள் இறக்கம், டாட் (மார்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைக்கும் கூம்பு மடிப்பு) முனை நிற்க வேண்டிய உயரம் மூன்றையும் அது ஊகித்துக்கொள்கிறது. உடம்பை ஒட்டி நிற்கும் பிளவுஸில் இந்த ஊகம் பலிப்பது அதிர்ஷ்டம். பலிக்காவிட்டால் 80 சென்டிமீட்டர் துணி வீண், அதுவும் பட்டுப் புடவையோடு வந்த துணி என்றால் கடையில் தேடினாலும் இன்னொன்று கிடைக்காது. எந்தத் துண்டு எந்த வடிவில் இருக்கும் என்று கண்ணுக்குப் பழக ஓர் அட்டை வாங்கலாம். அளவுக்கு ஒன்றாக அடுக்கிவைப்பது வீண் செலவு.

இதற்கு நேர் எதிர்முனை, வெளிநாட்டு உறைப் பேட்டர்ன், அதாவது உறையில் போட்டு விற்கும் காகித வெட்டு வடிவம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் 1863இல் பல அளவுகளில் காகிதப் பேட்டர்ன் விற்கத் தொடங்கினார். அந்த வழியில் வந்தவைதான் இன்றைய சிம்ப்ளிசிட்டி, மெக்கால்ஸ் எல்லாம். மெல்லிய தாளில் பல அளவுகள் ஒன்றுக்குள் ஒன்றாக அச்சாகியிருக்கும். தையலுக்கு விட வேண்டிய ஐந்தெட்டாம் இன்ச், அதாவது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர், பெரும்பாலும் கோட்டுக்குள்ளேயே சேர்ந்திருக்கும். அளவு எண் மட்டும் ரெடிமேட் கடையின் எண்ணோடு ஒத்துப்போகாது. உறையின் பின்னால் உள்ள மார்பு, இடுப்பு அளவைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அஞ்சல் கட்டணமும் சேர்ந்தால் விலை நமக்கு அதிகம்தான். ஆனாலும் காலர் வைத்த சட்டை, ஜிப் வைத்த பேன்ட் போன்றவற்றை முதன்முதலாகத் தைப்பவருக்கு நான் இதையே சொல்வேன். காலருக்கு ஸ்டாண்ட் (அதைத் தாங்கி நிற்கும் கழுத்துப் பட்டை) எப்போது, எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும் என்று படிப்படியாகப் படம் போட்டிருக்கும் அந்தக் குறிப்புத்தாளுக்குக் கொடுக்கும் காசு அது. வாங்கினால் தாளை வெட்டிவிடாதீர்கள். வேண்டிய அளவை மட்டும் வேறு தாளில் பிரதி எடுத்துக்கொண்டால், பிள்ளைகள் வளர வளர அதே உறை உதவும்.

ஜெர்மனியில் 1950இல் ஏன்னே புர்டா தொடங்கிய தையல் இதழின் கணக்கு வேறு. ஓர் இதழின் விலைக்குப் பல வடிவங்கள் கிடைப்பதால் ஒரு பேட்டர்னுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. ஆனால் ஒரே தாளில் கோட்டின்மேல் கோடாகப் பல உடைகள் கிடக்கும். நமக்கு வேண்டியதை விரல் வைத்துத் தொடர்ந்து பிரதி எடுப்பதற்குள் கண் வலித்துவிடும். தையலுக்கான இடமும் அதில் பொதுவாகச் சேர்ந்திருக்காது. அதை மறந்தால் இரண்டு பக்கத் தையலில் மட்டும் ஆறு சென்டிமீட்டர் சுற்றளவு போய்விடும்.

இணையத்தில் கிடைக்கும் இலவச பிடிஎஃப் பேட்டர்னை நம்பி என் மகளுக்கு ஒரு ஃபிராக் தைத்தேன். 30 ஏ4 தாள்கள், ஜெராக்ஸ் கடையில் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். முதல் தாளில் ஐந்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று இருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், 4.8 காட்டியது. இரண்டு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிட்டேன். ஐந்தில் இரண்டு மில்லிமீட்டர் என்பது நூற்றுக்கு நான்கு. 66 சென்டிமீட்டர் மார்பில் அது இரண்டரை சென்டிமீட்டருக்கு மேல். கழுத்தும் அதே விகிதத்தில் சுருங்கியதால் ஃபிராக் குழந்தையின் தலையில் நுழையவே இல்லை. தாளுக்குள் அடங்கும்படி சுருக்கி அச்சிட்டிருக்கிறார்கள். நூறு சதவீத அளவில் அச்சிடச் சொல்லி, அந்தச் சதுரத்தை அளந்த பிறகே மற்ற தாள்களுக்குக் காசு கொடுங்கள். 16 ஏ4 தாளின் பரப்பு ஓர் ஏ0 தாளில் அடங்கும். பேட்டர்ன் அந்த அளவிலும் கிடைத்தால், வீட்டு பிளான் அச்சிடும் கடையில் ஓரிரு பெரிய தாளாக எடுத்துவிடலாம். ஒட்டும் வேலை மிச்சம்.

பிளவுஸைப் பொறுத்தவரை இவை எதுவும், நன்றாகப் பொருந்திய ஒரு பழைய பிளவுஸுக்கு ஈடாகாது. நைந்துபோன ஒன்றைத் தியாகம் செய்யுங்கள். பக்கம், தோள், கை, டாட் எல்லாத் தையலையும் பிரித்து, இழுக்காமல் இஸ்திரி போட்டு, நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் தாளில் பாதியை மட்டும் பரப்புங்கள். கழுத்தும் அக்குளும் பல வருடம் போட்டதில் நெகிழ்ந்திருக்கும். அதனால் ஓரத்தை நம்பாமல், துணியின் நேர் இழையைத் தாளில் போட்ட நேர்கோட்டோடு பொருத்தி ஊசி குத்தி, பிறகு சுற்றி வரையுங்கள். டாட் முனையைக் குத்திக் குறியுங்கள். தையலுக்கு விட்ட இடத்தைத் தனிக் கோடாகக் காட்டுங்கள். பழைய வேட்டியில் ஒருமுறை வெட்டித் தைத்துப் பார்த்துவிட்டால், அடுத்து எந்தத் துணியிலும் பயமில்லாமல் கத்தரி வைக்கலாம். செலவு ஒரு தாளும் ஒரு மதியமும். டாட் முனையிலிருந்து அக்குள் வளைவுக்குக் கோடு போட்டு, கீழே உள்ள டாட்டின் கோடுகளோடு சேர்த்து முன்பக்கத்தை இரண்டு துண்டாக வெட்டினால் அதுவே பிரின்சஸ் கட் ஆகிவிடும்.

இந்த வருடம் நான் காசு கொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று, கணவரின் முழுக்கைச் சட்டைக்கான உறைப் பேட்டர்ன். அக்காவின் பிளவுஸுக்கு அவருடைய பழைய பிளவுஸிலிருந்து வரைந்த பிரவுன் தாள், பெயரும் தேதியும் எழுதி, சுருட்டி அலமாரியில் இருக்கிறது.