கட்டில் சத்தத்துக்கு வாங்குன ஃபெல்ட் ஷீட், பாதி வேலைதான் செய்யுது

எங்க வீட்டுல ரப்பர்வுட் கட்டில், வீடு மாறும்போது கழட்டி மாட்டுனதுலேருந்து திரும்பிப் படுத்தாலே கிறீச்சுனு சத்தம், பக்கத்துல குழந்தை தூங்குதுன்னு மூச்சைப் பிடிச்சுக்கிட்டு புரள வேண்டியிருந்துச்சு. கார்பென்டர் "நாளைக்கு வரேன் சார்"னு சொல்லியே பத்து நாள் போச்சு. சரி நாமளே பாப்போம்னு ஆன்லைன்ல ஃபெல்ட் ஷீட் (கம்பளி மாதிரி மெத்துனு இருக்கற தடிச்ச துணி) வாங்கினேன், ஏ4 சைஸ், 3 எம்எம் கனம், பின்னாடி ஸ்டிக்கர்.

மெத்தைக்கு அடியில இருக்கற ப்ளைவுட், சட்டத்து மேல உக்கார்ற இடத்துல பட்டை பட்டையா வெட்டி ஒட்டினேன். அந்த இடத்துக்கு சூப்பருங்க, கையால அமுக்கி ஆட்டுனா முன்னாடி வந்த டக் டக் சுத்தமா இல்ல. சாதா கத்தரிக்கோல்லயே நல்லா வெட்டுப்படுது.

ஆனா கிறீச் மட்டும் போகல. ஃபோன் டார்ச்சோட கட்டிலுக்கு அடியில படுத்துக்கிட்டு, மேல ஒய்ஃபை உருளச் சொல்லி (திட்டும் வாங்கிக்கிட்டு) காது குடுத்துக் கேட்டப்பதான் தெரிஞ்சுது, தலைமாட்டுக் காலும் பக்கச் சட்டமும் சேர்ற மூலை. அலன் கீ (போல்ட்டு முறுக்கற ஆறுமுனை சாவி) போட்டா போல்ட்டு முக்கால் சுத்து உள்ள போகுது, அவ்ளோ லூசு. டைட் பண்ணியும் லேசா முனகிச்சு, ஏன்னா மரமும் மரமும் உரசுது. அங்கயும் ஃபெல்ட் வெச்சதுதான் நான் பண்ண தப்பு, அது அமுங்கி அமுங்கி ஒரே வாரத்துல போல்ட்டு மறுபடி லூசு, வெக்கையில கோந்து வேற இளகி ஃபெல்ட்டு வெளிய எட்டிப் பாக்குது. பிச்செடுத்தா கையெல்லாம் பிசுபிசு.

அம்மா தேங்கெண்ணெய் விடுன்னாங்க. விடாதீங்க, மரம் குடிச்சிரும், அப்புறம் தூசி பிடிக்கும். சட்டத்தைக் கழட்டி உரசுற ரெண்டு பக்கமும் வெள்ளை மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்ச்சு, ஹார்ட்வேர் கடையில ஸ்பிரிங் வாஷர் (போல்ட்டுக்கு அடியில போடற, ஒரு இடத்துல வெட்டு விட்ட இரும்பு வளையம்) வாங்கிப் போட்டு முறுக்கினேன், ரெண்டு மாசமா சத்தமே இல்ல. ரொம்பவும் முறுக்காதீங்க, வாஷர் மரத்துக்குள்ள இறங்கிரும். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும், அதனால சீசன் மாறும்போது ஒரு தடவை அலன் கீ போட்டுப் பாத்துக்கணும்.

ஃபெல்ட்டுக்கு 3 ஸ்டார், கோந்துக்காகத்தான் குறைச்சேன். மிச்சம் இருந்த அரை ஷீட்டை டைனிங் சேர் காலுக்கு ஒட்டிட்டேன், அங்க நல்லாவே நிக்குது.