விருமாண்டி: ஒரே கதை, இரண்டு வாக்குமூலம்

2004ல் கமல்ஹாசன் இயக்கி நடித்த படம். நேற்று மறுபடி பார்த்தேன், தூக்கம் போய்விட்டது. மரண தண்டனை பற்றி ஆவணப்படம் எடுக்க ரோகிணி சிறைக்குள் வருகிறார், முதலில் ஆயுள் கைதி கொத்தாளத் தேவர் பேசுகிறார், அதைக் கேட்டதும் விருமாண்டிக்கு (கமல்) விதித்த தூக்கு சரிதான் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். அப்புறம் விருமாண்டி பேசுகிறான். அதே ஊர், அதே சம்பவங்கள், எல்லாம் தலைகீழ்! கொத்தாளத் தேவராக வரும் பசுபதியின் நடிப்பு அபாரம், பொய் சொல்லும்போதுகூட நம்ப வைக்கிறார்.

எனக்குள் தங்கியது அந்தக் குற்ற உணர்ச்சிதான். தன் கண் முன்னால் நடந்த கொலைகளைத் தடுக்க முடியவில்லையே என்று விருமாண்டி உள்ளுக்குள் வெந்துபோவதும், செய்யாததற்குத் தூக்குக் கயிறு காத்திருப்பதும் சேர்ந்து நெஞ்சை அடைக்கிறது. இளையராஜாவின் இசை, அபிராமியின் அன்னலட்சுமி, இரண்டும் மனதிலேயே நிற்கின்றன. ரத்தம் கொஞ்சம் அதிகம், சின்னப் பிள்ளைகளோடு பார்க்க வேண்டாம். கொத்தாளத் தேவர் சொல்வதை மட்டும் கேட்டுவிட்டு பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.