யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு ஆன்லைனில் கிராங்க் வாங்கப் போகிறீர்களா? என் 8,600 ரூபாய் போன கதையைப் படியுங்கள்

நேற்று ராத்திரிதான் எஞ்சினைப் பிரித்தோம். கோபம் இன்னும் அடங்கவில்லை. 8,600 ரூபாய்!

அப்பா 1994-ல் எடுத்த வண்டி. பிக் எண்ட், அதாவது கனெக்டிங் ராட் கிராங்கோடு சேரும் இடத்தில் சத்தம் வந்துவிட்டது. எஞ்சினுக்குள் சுற்றும் தண்டான கிராங்க் நன்றாகத்தான் இருந்தது, பிஸ்டனை அதோடு இணைக்கும் கனெக்டிங் ராட் கிட் மட்டும் மாற்றியிருந்தால் போதும். பழைய டூ-ஸ்ட்ரோக் சாமான் விற்கும் ஓர் ஆன்லைன் கடையில் விசாரித்தேன். "எதுக்குண்ணே ராட் தனியா போட்டு அலைன்மென்ட் பாத்துக்கிட்டு? முழு கிராங்கே இருக்கு, ஒரிஜினல் பழைய ஸ்டாக். உங்க பழசை அனுப்புங்க, ஆயிரம் குறைச்சுக்கறேன்" என்றான். கூடவே ஒரு வீடியோ. கிராங்கைச் சுற்றுகிறான், ஆட்டத்தைக் காட்டும் டயல் கேஜ் முள் அசையவே இல்லை. அந்த முள்ளைப் பார்த்துத்தான் நம்பினேன். பணத்தைப் போட்டேன். அப்பா வண்டியின் ஒரிஜினல் கிராங்கையும் பார்சல் செய்தேன்.

ஓடியது 340 கிலோமீட்டர். அதுவும் நாற்பதைத் தாண்டாமல். அவிநாசி ரோட்டில் எஞ்சின் அப்படியே பிடித்துக்கொண்டது.

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் பெரியவர், கிராங்கில் ராட் மாட்டும் பின்னைத் தள்ளி எடுத்தார். நடுவில் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. அதை விட்டுவிட்டு, நிறம் மாறாத ஓரத்தில் அரத்தை வைத்து இழுத்தார். ஹார்டனிங் செய்து கடினமாக்கிய கிராங்க் பின் என்றால் அரம் வழுக்கிக்கொண்டு போகும். இதில் பொடி உதிர்ந்தது. "சாதா இரும்பு தம்பி" என்றார்.

கடைக்காரனைக் கூப்பிட்டேன். முதலில் "ஆயில் கம்மியா கலந்திருப்பீங்க". அடுத்து "மெக்கானிக் சரியா ஃபிட் பண்ணல". அப்புறம் "எஞ்சின் சாமானுக்கு வாரண்டி கிடையாதுண்ணே". சரி, என் பழைய கிராங்கையாவது திருப்பிக் கொடு என்றேன். "அது வித்துப்போச்சு." அத்தோடு என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 8,600 ரூபாய் ஒரு பக்கம், அந்தக் கிராங்கை இனி எங்கே தேடுவேன்?

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஓடவில்லை. வீடியோவை நம்பாதீர்கள். கையில் வாங்கி, வி வடிவத் தாங்கியான வி-பிளாக்கில் வைத்துச் சுற்றி, ஆட்டம் 0.03 மில்லிமீட்டருக்குள் இருந்தால் மட்டும் எஞ்சினில் ஏற்றுங்கள். பில் இல்லாமல் வாங்காதீர்கள். பழைய கிராங்கை மட்டும் யாருக்கும் அனுப்பிவிடாதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன்.