சூப்பர் ஃபோருக்கு வாங்கிய வேக்குவம் கேஜ்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

என் ஹோண்டா சூப்பர் ஃபோர் மோட்டார் சைக்கிளின் நான்கு கார்புரேட்டரும் ஒரே அளவில் இழுக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்ய (இதைத்தான் சிங்க் என்கிறோம்) நான் வைத்திருக்கும் அதே நான்கு முள் வேக்குவம் கேஜ் செட்டை ஆன்லைனில் விலை குறைத்துப் போட்டிருக்கிறார்கள். லிந்தாங் பக்கம் இருக்கும் ஒரு தம்பி படத்தை வாட்சாப்பில் அனுப்பி, "அண்ணே, இது நீங்க வச்சிருக்கிறதுதானே? வாங்கலாமா?" என்று கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. மலேசியாவில் பேராக் மாநிலத்து எங்கள் சுங்கை சிப்புட்டில் கார்புரேட்டர் மோட்டார் சைக்கிளை விடாமல் வைத்திருப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சேர்த்து எழுதிவிடுகிறேன்.

பெட்டிக்குள் என்ன வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு வட்ட கேஜ், நான்கு ரப்பர் குழாய், 5 மி.மீ., 6 மி.மீ. மரை போட்ட பித்தளை முனைகள். அதில் குறை இல்லை. என் கோபமெல்லாம் ஒவ்வொரு குழாயின் நடுவிலும் கோத்திருக்கும் அந்தச் சின்னப் பித்தளைத் திருகின் மேல்தான்.

அந்தத் திருகு எதற்கு என்றால், நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஐடிலில், அதாவது ஆக்சிலேட்டரை முறுக்காமல், நிமிடத்துக்கு 1,200 சுற்று ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் 600 தடவை காற்றை இழுக்கும், அதாவது வினாடிக்கு 10 இழுப்பு. குழாயை நேராகக் கேஜில் மாட்டினால் முள் நிற்கவே நிற்காது. 10-க்கும் 30-க்கும் (செ.மீ. பாதரசக் கணக்கு) நடுவில் விசிறி போல விரிந்து தெரியும், எந்த எண் என்று சொல்ல முடியாது. வழியைக் கொஞ்சம் குறுக்கினால் அந்த இழுப்புகளின் சராசரி மட்டும் கேஜுக்குப் போகும், முள் அடங்கும். யோசனையில் தவறில்லை. செய்த விதம்தான் வயிற்றெரிச்சல்.

திருகை அரைச் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பும்போதே முள் நடுக்கத்திலிருந்து அடக்கத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் ஒரு மயிரிழை போனால் முள் செத்துவிடும். செத்த முள்தான் ஆபத்து. பார்வைக்கு அழகாக 22-இல் அசையாமல் நிற்கும். ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் 22, விட்டாலும் 22. நடுங்குகிற முள்ளை நாமே நம்ப மாட்டோம், செத்த முள்ளை நம்பிவிடுவோம். இது போதாதென்று திருகின் மரை தளர்வு. எஞ்சின் அதிர்வில் தானாக நகரும். மரை வழியாகக் காற்றும் உள்ளே கசியும். கசிந்தால் அந்த ஒரு முள் மட்டும் குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து நாம் சிங்க் ஸ்குரூவைத் திருப்பினால், ஒழுங்காக இருந்த கார்புரேட்டர் கெட்டுப்போகும். வேலை செய்யவேண்டிய இடத்தில் கருவியே பொய் சொன்னால் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. முதல் சிலிண்டர் 20, இரண்டாவது 24 என்று காட்டினால், உடனே ஸ்குரூ டிரைவரை எடுக்கவேண்டாம். அந்த இரண்டு குழாய்களை மட்டும் இடம் மாற்றி மாட்டுங்கள். வித்தியாசம் சிலிண்டரோடு இருந்தால் கார்புரேட்டரில் வேலை இருக்கிறது. வித்தியாசம் கேஜோடு சேர்ந்து நகர்ந்தால் குற்றவாளி கேஜ். எந்த விலைக்கு வாங்கிய கேஜாக இருந்தாலும் சரி, இதைச் செய்யாமல் நான் ஒரு ஸ்குரூவையும் தொடுவதில்லை.

கடைசியில் அந்த நான்கு திருகுகளையும் கழற்றி ஓரமாக வைத்துவிட்டேன். கப்சாய் என்கிற ஒரு சிலிண்டர் சின்ன மோட்டார் சைக்கிளின் கார்புரேட்டருக்கு வரும் பைலட் ஜெட், அதாவது நுண்துளை போட்ட பித்தளைத் துண்டு, ஒரே எண்ணில் நான்கு வாங்கி, குழாய்க்குள் இறுக்கமாகத் தள்ளிவிட்டேன். ஜெட்டின் துளை எல்லாவற்றிலும் ஒரே அளவு. திருப்ப ஒன்றுமில்லை, நகர ஒன்றுமில்லை, கசிய மரை இல்லை. முள் இப்போது ஒரு கோட்டின் தடிமனுக்கு மட்டும் அசைகிறது. அந்தச் சின்ன அசைவு இருக்கட்டும் என்றே வைத்திருக்கிறேன், முள் உயிரோடு இருப்பதற்கு அதுதான் அடையாளம். ஆக்சிலேட்டரை முறுக்கினால் நான்கும் சேர்ந்து விழுகின்றன, விட்டதும் சேர்ந்து எழுகின்றன. இதை முதன்முதலில் பார்த்தபோது வந்த சந்தோஷம், கேஜ் வாங்கிய அன்றுகூட வரவில்லை.

அடுத்தது எண்கள். நான்கு குழாயையும் டீ முனை வைத்து ஒரே சிலிண்டரில் இணைத்துப் பார்த்தால், என் நான்கு முள்ளும் ஒன்றுக்கொன்று ஒன்றரை செ.மீ. வரை வேறுபடுகின்றன. கவாசாகி கையேடுகளில் சிலிண்டர்களுக்கு நடுவே அனுமதிக்கும் வித்தியாசமே 2 செ.மீ. பாதரச அளவுதான், அதாவது 2.7 கிலோபாஸ்கல். அந்த எல்லையில் முக்கால் பங்கை கேஜே தின்றுவிட்டால் நமக்கு என்ன மிச்சம்? அதனால் எந்த முள் எவ்வளவு கூடக் காட்டுகிறது என்று மாஸ்கிங் டேப்பில் எழுதி ஒவ்வொரு கேஜ் மேலும் ஒட்டியிருக்கிறேன். முள் காட்டும் எண் 20-ஆ 25-ஆ என்று சிலர் அலட்டிக்கொள்வார்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 76 செ.மீ. பாதரசம், கேமரன் மலை உயரத்தில் அது சுமார் 63-தான். இடத்துக்கு இடம் அளவு மாறும். நான்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: சிங்க் தப்பிய நான்கு சிலிண்டர் மோட்டாரை ஐடிலில் விட்டு, கிளட்ச் பக்கம் காதை வையுங்கள். கடகடவென்று ஒரு சத்தம் வரும். கிளட்ச் போய்விட்டது என்று பயந்து பணத்தைக் கொட்டியவர்கள் உண்டு. ஒவ்வொரு சிலிண்டரும் ஒவ்வொரு பலத்தில் தள்ளுவதால் கிளட்ச் கூடை ஆடுகிற சத்தம் அது. சிங்க் செய்ததும் பல மோட்டார்களில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஹேண்டில் அதிர்வும் குறையும். கோலகங்சார் தாண்டி கிரிக் வரை பழைய சாலையில் போய் இறங்கினால் விரல் மரத்துப்போவதில்லை. நம் ஊர்ப் பட்டறைகள் கப்சாயை நம்பி நடப்பவை. ஒரு சிலிண்டர், ஒரு கார்புரேட்டர், சிங்க் என்ற வேலையே கிடையாது. கேஜ் வைத்திருக்கவில்லை என்று ஃபோர்மேனைக் குறை சொல்ல முடியாது. அதனால்தான் நாமே வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, இல்லையென்றால் ஈப்போ வரை போகவேண்டும்.

மற்ற கருவிகள் பற்றி. பாதரசக் குழாய் வைத்த பழைய வகை துல்லியம்தான், ஆனால் வேண்டவே வேண்டாம். ஆக்சிலேட்டரைச் சட்டென்று விட்டால் பாதரசம் எஞ்சினுக்குள் போய்விடும், அதன் ஆவி நஞ்சு. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் சர்வதேச மினமாட்டா உடன்படிக்கை, பாதரச மானோமீட்டர்களை (அழுத்தம் அளக்கும் இந்த வகைக் கருவிகளை) நிறுத்த வைத்த கெடுவே 2020. வட அயர்லாந்தில் செய்யும் கார்ப்டியூன் என்ற கருவி நன்றாக இருக்கிறது, தெரிந்தவர் ஒருவருடையதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். முள் கிடையாது, நான்கு குழாய்க்குள் நான்கு எஃகுக் கம்பிகள் ஏறி நிற்கும். வட்ட கேஜைப் போல ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்துத் திருத்தும் தொல்லை இல்லை. விலைதான் கையைக் கடிக்கும்.

இரண்டு சிலிண்டர்காரர்களுக்கு எதுவும் வாங்கவேண்டாம் என்பது என் கருத்து. தெளிவான பிளாஸ்டிக் குழாயை ஒரு பலகையில் யு வடிவத்தில் கட்டி, அடியில் 2டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் எஞ்சின் எண்ணெய்) ஊற்றினால் போதும். பாதரசத்தைவிட எண்ணெய் 15 மடங்குக்கு மேல் லேசானது. ஆகவே 1 செ.மீ. பாதரச வித்தியாசம் எண்ணெயில் 15 செ.மீ.க்கு மேல் உயரமாகத் தெரியும். வட்ட கேஜில் முள்ளின் தடிமனுக்குள் மறைந்துபோகிற வித்தியாசம் இதில் கண்ணெதிரே ஏறி இறங்கும். ஒரே ஒரு எச்சரிக்கை. ஓடும்போது ஒரு பக்கக் குழாய் கழன்றால் மறுபக்கம் எண்ணெயை முழுக்க உறிஞ்சிவிடும், ஏனென்றால் 20 செ.மீ. பாதரச இழுப்பு மூன்று மீட்டர் எண்ணெயைத் தூக்கும். இரண்டு பக்கமும் ஒரு காலி பாட்டிலை நடுவில் கோத்துவிடுங்கள், எண்ணெய் அதில் தங்கிவிடும்.

சரி, என் கேஜுக்கு வருவோம். நியாயமாகச் சொன்னால் இத்தனை வருடத்தில் ஒரு முள்கூட ஒட்டிக்கொள்ளவில்லை. கண்ணாடி மங்கவில்லை. இந்த ஊர் வெயிலில் ரப்பர் குழாய் மட்டும் விறைத்துப்போய் மாற்றினேன், அது எந்தக் கம்பெனிப் பொருளுக்கும் நடக்கும். நான்கு சிலிண்டரையும் ஒரே பார்வையில் காட்டும் வசதிக்கு எண்ணெய்க் குழாய் ஈடாகாது. ஜெட் போட்ட பிறகு வேலை சுத்தமாக நடக்கிறது. இவ்வளவு நல்லது இருந்தும், இன்னொரு முறை வாங்குவாயா என்று கேட்டால் மாட்டேன். பாதி விலைக்குக் கொடுத்தாலும் மாட்டேன். அந்த நான்கு திருகுக்கும் சேர்த்துத்தான் காசு வாங்கினார்கள், ஒன்றுகூட உருப்படியாக இல்லை. நாலு ஜெட்டைப் போட்டுக் கருவியைக் கருவியாக்கும் வேலை வாங்குகிறவன் தலையில் விழக்கூடாது. பணம் சேர்த்துக் கம்பி வகையே வாங்குவேன்.

தம்பி, உன்னுடையது இசட்இசட்ஆர் 250. இரண்டே கார்புரேட்டர், நடுவில் ஒரே சிங்க் ஸ்குரூ. அந்த விலை குறைப்பைப் பார்க்காதே. சனிக்கிழமை மோட்டாரை எடுத்துக்கொண்டு வா, பலகையும் குழாயும் என்னிடம் இருக்கிறது. வருவதற்கு முன் ஏர் ஃபில்டரைச் சுத்தம் பண்ணு, பிளக்கைப் பார், டேப்பட் கிளியரன்ஸ் (வால்வு இடைவெளி) பார்த்து நாளாகியிருந்தால் அதை முதலில் முடி. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் இருக்கும் ரப்பரில் வெடிப்பு இருந்தால் சிங்க் நிற்காது, புதுசு வாங்கி மாட்டிவிட்டு வா. டேங்கைக் கழற்றித்தான் வேலை செய்யவேண்டும், அதனால் பெட்ரோலைப் பாதிக்கு மேல் ஊற்றாதே. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், ஆனால் நின்ற இடத்தில் கொதிக்கக் கூடாது. ரேடியேட்டருக்கு முன்னால் வைக்க மேசை விசிறி இங்கே இருக்கிறது, நீ நீளமான வயர் மட்டும் கொண்டு வா.