கொழிஞ்சாம்பாறையில் ‘சதோரி’: ஒரு மறுபதிப்பு இசைத்தட்டுடன் நீண்ட பழக்கம்

ஜப்பானின் ஃப்ளவர் ட்ராவலின் பேண்ட் குழு 1971இல் அட்லாண்டிக் நிறுவனத்தின் வழியே வெளியிட்ட ‘சதோரி’ ஆல்பத்தின் வினைல் மறுபதிப்பு ஒன்று சில ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. வாங்கிய வாரத்திலேயே எழுதப்படும் மதிப்புரைகள் பெரும்பாலும் உறையின் பளபளப்பையும் முதல்முறை கேட்ட வியப்பையும் தாண்டுவதில்லை. ஊசி பலமுறை ஏறி இறங்கி, பாலக்காட்டுக் கோடைகளையும் ஆடிக்காற்றையும் தட்டு கடந்த பிறகுதான் அதன் உண்மையான தரம் தெரியும் என்று கருதியதால் இவ்வளவு காலம் பொறுத்திருந்தேன்.

குழுவை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யூயா உச்சிதா என்னும் பாடகர் முதலில் ‘ஃப்ளவர்ஸ்’ என்ற குழுவை நடத்தினார். பின்னர் அதைக் கலைத்துப் புதிதாக அமைத்து, தாம் மேடையிலிருந்து விலகித் தயாரிப்பாளராக நின்றுகொண்டார். பாட ஜோ யமனாகா, கிட்டாருக்கு ஹிதேகி இஷிமா, பேஸ் கிட்டாருக்கு ஜுன் கொசுகி, டிரம்ஸுக்கு ஜோஜி வாதா என நால்வர் சேர்ந்தனர். 1970இல் வந்த ‘எனிவேர்’ பெரும்பாலும் பிறர் பாடல்களின் மறுவாசிப்பு. அடுத்த ஆண்டு வந்த ‘சதோரி’யில்தான் குழு தன் சொந்தக் குரலில் பேசியது. ஆல்பத்தில் மொத்தம் ஐந்து பாகங்கள். தனித்தனிப் பெயர்கள் இல்லாமல், ஒன்று முதல் ஐந்து வரை எண்களே பெயர்களாக அமைந்துள்ளன. உறையில் இருப்பது ஷினோபு இஷிமாரு வரைந்த புத்தர் ஓவியம். பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஜூலியன் கோப், ஜப்பானிய ராக் பற்றிய தம் நூலில் இந்த ஆல்பத்துக்கு முதலிடம் கொடுத்த பிறகு, மேற்கில் இதைத் தேடுவோர் பெருகினர், மறுபதிப்புகளும் பெருகின.

என்னிடம் உள்ளது ஐரோப்பியப் பதிப்பு. 180 கிராம் எடை என்று உறையின்மேல் ஒரு வட்ட ஒட்டி பெருமையாக அறிவிக்கிறது. எடை கூடியதால் ஒலி கூடிவிடாது. தட்டு எளிதில் வளையாது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு அதிகப் பொருள் இல்லை. எந்த மூல ஒலிநாடாவிலிருந்து, அல்லது எந்த டிஜிட்டல் கோப்பிலிருந்து இந்தத் தட்டு வெட்டப்பட்டது என்ற ஒரே ஒரு தகவலைத்தான் வாங்குபவர் அறிய விரும்புவார். அது மட்டும் உறையில் எங்குமே இல்லை. இந்தக் குறையை நான் எளிதாக மன்னிக்கப் போவதில்லை. நூலைப் பதிப்பிப்பவர் எந்தச் சுவடியைப் பார்த்துப் பதிப்பித்தார் என்று முன்னுரையில் எழுதுவது நம் வழக்கம். அதே நாணயத்தை இசைத்தட்டு வெளியிடுபவரிடம் எதிர்பார்ப்பது மிகையாகாது.

இருப்பினும் ஒலி நன்றாகவே இருக்கிறது. முதல் பாகத்தில் யமனாகாவின் அலறல் எழும் இடத்தில், கைப்பேசியில் கேட்கும்போது ஒரே தகரச் சத்தமாக நசுங்கும் குரல், இத்தட்டில் தொண்டையின் கரகரப்போடும் அறையின் எதிரொலியோடும் தனித்து நிற்கிறது. இரண்டாம் பாகத்தில் வாதா தம் டாம் முரசுகளில் உருட்டி வாசிக்கும் தாளம், இத்தனை முறை கேட்டும் எனக்குச் சலிக்காத பகுதி. ஒவ்வொரு அடியும் விழுந்த பிறகு தோல் அதிர்ந்து அடங்கும் கணம் காதில் படுகிறது; அதன் அடியில் பேஸ் கிட்டார் கலங்காமல் ஓடுகிறது. செண்டை வாசிப்பான தாயம்பகை கேட்டு வளர்ந்த எங்கள் பக்கத்துக் காதுகள் இந்த ஆல்பத்தில் முதலில் பிடித்துக்கொள்வது கிட்டாரை அல்ல, இந்தப் பகுதியைத்தான். ராக் இசையே ஆகாது என்று சொல்லும் என் மாமாகூட, “இது யாருடா கொட்டறது?” என்று அறைக்குள் எட்டிப் பார்த்தார், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார் என்பது வேறு.

இஷிமாவின் கிட்டாரைப் பற்றி நண்பர்களிடையே ஒரு வாதம் ஓயாமல் நடக்கிறது. இது இன்ன ராகம் என்று ஒருவர் பெயர் சூட்டுவார், இன்னொருவர் மறுப்பார். இஷிமாவுக்கு இந்திய இசையின்மேல் ஈடுபாடு இருந்தது உண்மை. பிற்காலத்தில் சிதாரையும் கிட்டாரையும் இணைத்து ‘சிதார்லா’ என்ற கருவியை உருவாக்கி, குழு மீண்டும் கூடி 2008இல் வெளியிட்ட ஆல்பத்தில் அதை வாசித்தார். ஆனால் ‘சதோரி’யில் உள்ளதை ராகம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. புளூஸ் இசையின் சுவரங்களை அரைச்சுவர நெருக்கத்தில் வளைத்து, ஒரே ஆதார சுருதியின்மேல் நெடுநேரம் நிறுத்திவைப்பதுதான் அவருடைய முறை. நமக்கு நெருக்கமாகத் தோன்றுவது அந்தச் சுருதிப் பிடிப்பே தவிர, ஆரோகண அவரோகண ஒழுங்கு அங்கே இல்லை.

மறுபதிப்பின் உண்மையான சோதனை மூன்றாம் பாகத்தில் இருக்கிறது. முதல் மூன்று பாகங்களும் முதல் பக்கத்தில் அடங்கியிருப்பதால் அப்பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 23 நிமிடம். நான்காம், ஐந்தாம் பாகங்கள் உள்ள மறுபக்கம் 19 நிமிடம். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் மாறாமல் இருந்தாலும், வெளி விளிம்பில் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. நீளப் பள்ளத்தைக் கடக்கும் ஊசி, லேபிளை நெருங்கும்போது சுமார் 21 செ.மீ. மட்டுமே கடக்கிறது. அதே ஒலியை முன்பிருந்ததில் பாதியைவிடக் குறைந்த நீளத்தில் எழுத வேண்டியிருப்பதால், உள்பள்ளத்தில் உச்ச ஒலிகள் பிசிறடிக்கின்றன. மூன்றாம் பாகமோ பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் வாத்திய இசை. அது வேகமெடுத்து உக்கிரம் கொள்ளும் இடம் சரியாக இந்த உள்பள்ளத்தில் வந்து விழுகிறது. சிம்பல்கள் மணல் இறைத்ததுபோல் ஒலித்தன. கிட்டாரின் ஃபஸ் ஓசை, வேண்டுமென்றே கரகரப்பாக்கப்பட்டது, இயல்பிலேயே பிசிறு கொண்டது என்பதால், இசையின் பிசிறு எது, தட்டின் பிசிறு எது என்று பிரித்தறிவதற்கே பல முறை கேட்க வேண்டியிருந்தது.

இதற்குத் தீர்வு உண்டு. ஊசியைத் தாங்கும் கார்ட்ரிட்ஜைச் சரியான கோணத்தில் பொருத்துவதற்கான அளவுகோல்களுள் பலரும் பயன்படுத்துவது பேயர்வால்ட் முறை. ஸ்டீவன்சன் முறையோ, ஊசி பள்ளத்தின் போக்குக்குச் சரியாக ஒத்து நிற்கும், கோணப் பிழை இல்லாத புள்ளிகளுள் ஒன்றைத் தட்டின் உள்விளிம்பிலேயே வைக்கிறது. அவ்வாறு மாற்றிப் பொருத்தி, கூம்பு வடிவ ஊசிக்குப் பதிலாக நீள்வட்ட ஊசியை இட்டு, ஊசி தட்டின்மேல் தரும் அழுத்தத்தை அதன் தயாரிப்பாளர் குறித்துள்ள வரம்பின் மேல் எல்லைக்கு அருகில் வைத்ததும் மூன்றாம் பாகத்தின் முடிவு பெருமளவு தெளிந்தது. மலிவான, பெட்டி வடிவ பிளேயரில் இத்தகைய திருத்தம் எதுவும் செய்ய இயலாது. அவ்வகைக் கருவி மட்டும் வைத்திருப்பவர்கள் இந்தத் தட்டை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன்.

இனி இடத்தின் தொல்லைகள். எங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறை, பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று சாத்திய சன்னலுக்குள்ளும் செம்மண் தூளைக் கொண்டுவந்து சேர்க்கும். ஈரப்பதம் குறைவதால் தட்டில் நிலைமின்சாரம் ஏறி, அந்தத் தூளை அப்படியே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அம்மாதங்களில் கார்பன் இழைத் தூரிகையால் ஒவ்வொரு முறையும் துடைத்தாக வேண்டும். மழைக்காலத்தில் கதை நேர்மாறு. உடன் வந்த காகித உள்ளுறை ஈரம் வாங்கிப் பூஞ்சணம் பிடித்தது. பாலிஎத்திலீன் உறைக்கு மாற்றிய பிறகு அத்தொல்லை இல்லை. காய்ச்சி வடித்த நீரில் சிறிதளவு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கலந்து, பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைப்பது போதுமானது. வீட்டில் தாத்தா காலத்து 78 சுற்று அரக்குத் தட்டுகளும் இருந்தால், அந்தக் கலவையை அவற்றின் பக்கமே கொண்டுபோகக் கூடாது. ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

வெயிலைப் பற்றித் தனியே எச்சரிக்க வேண்டும். வினைல் 60 பாகை செல்சியஸை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். பங்குனி, சித்திரையில் 40 பாகையைத் தொடும் ஊரில், பூட்டிய காருக்குள் அந்த வெப்பம் மிக எளிதாக வந்துவிடும். கோயம்புத்தூரில் தட்டு வாங்கி, வாளையாறு வழியாகத் திரும்பும்போது சாப்பிட இறங்குபவர்கள் பையையும் கையோடு எடுத்துச் செல்வது நல்லது.

எங்கள் வீட்டு மேல்மாடித் தரை மரப்பலகையால் ஆனது. யாராவது நடந்தால் ஊசி துள்ளும். சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து, அவற்றின்மேல் ஒரு கடப்பைக் கல்லை வைத்து, ரசமட்டம் பார்த்து டர்ன்டேபிளை அமர்த்திய பிறகு, நான்காம் பாகத்தின் ஹார்மோனிகாப் பகுதி தடங்கலின்றி ஒலிக்கிறது. அந்தப் பாகத்தை முதலில் நான் அவ்வளவு மதிக்கவில்லை. மற்றவற்றோடு ஒப்பிட்டால் அது வழக்கமான புளூஸ் வாசிப்பாகவே தோன்றியது. இன்றும் அதை இந்த ஆல்பத்தின் மிகச் சிறந்த பகுதி என்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் பக்கத்தின் இறுக்கத்துக்குப் பின் எழுந்து சென்று தட்டைத் திருப்பி வைத்துவிட்டு உட்காரும்போது, அந்தத் தளர்ச்சி தேவையாகத்தான் இருக்கிறது. ஐந்து பாகங்களும் தொடர்ச்சியாக ஓடும் கோப்பில் இந்த இடைவெளி கிடைப்பதில்லை.

மேற்பரப்பு இரைச்சல் பெரிதாகக் கூடவில்லை. இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் மட்டும், வாங்கிய நாளிலிருந்தே இருந்த ஒரு மெல்லிய ‘டிக்’ ஒலி இன்னும் இருக்கிறது. அது அச்சின் குறை, துடைத்துப் போக்க முடியாதது. குழு கனடாவில் இருந்தபோது பதிவு செய்து 1972இல் வந்த ‘மேட் இன் ஜப்பான்’ ஆல்பத்தில், மூன்றாம் பாகத்தின் இசையே சொற்கள் சேர்க்கப்பட்டு ‘ஹிரோஷிமா’ என்ற பாடலாக மாறியிருக்கிறது. அதன் மறுபதிப்பு நியாயமான விலைக்குக் கிடைத்தால் அடுத்து அதைத்தான் வாங்குவேன். அந்த உறையிலாவது மூல நாடாவைப் பற்றி ஒரு வரி அச்சிட்டிருக்கிறார்களா என்று முதலில் பார்த்துவிட்டு.