‘அப்படியே நிரப்பலாம்’ என்று விற்கும் .223 கூடுகள்: வாங்கும் முன் படிக்கவும்

அமெரிக்காவில் ரைஃபிள் தோட்டாவை வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளும் நம்மவர்களுக்காக இது. ஆன்லைன் விற்பனையாளர் ஒருவரிடம் .223 அளவு ரைஃபிளுக்கான காலிக் கூடுகள் (சுட்ட தோட்டாவின் உலோக உறைகள்) ஆயிரம் வாங்கினேன். ஒரே தடவை சுட்டது, சைஸ் செய்தது (உப்பியதைப் பழைய அளவுக்கு அழுத்தியது), நீளம் வெட்டியது, அப்படியே நிரப்பலாம் என்று விளம்பரம். அந்த வேலைக்கெல்லாம் சேர்த்துத்தான் விலை.

பையிலிருந்து எடுத்துக் கேஜில் (கூட்டின் அளவு சரியா என்று பார்க்கும் துளைக் கருவி) போட்டால் பாதிக்கு மேல் மட்டத்துக்கு இறங்கவில்லை. விற்பனையாளரிடம் சொன்னதற்கு வந்த பதில்: “உங்க புரோகிரசிவ் பிரஸ் செட்டிங் சரியில்ல. ஷெல் பிளேட் வளையுது, டையைக் கீழே இறக்குங்க.” புரோகிரசிவ் பிரஸ் என்பது ஒரே இழுப்பில் பல வேலை செய்யும் நிரப்பும் கருவி, ஷெல் பிளேட் அதில் கூடுகளைத் தாங்கும் தட்டு, டை கூட்டை அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு. அவர் சொன்னது பாதி உண்மை, அதனால்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். தட்டின் எல்லா ஸ்டேஷனிலும் (கூடு நிற்கும் இடம்) கூடு இருக்கும்போதும் ஒன்றே ஒன்று இருக்கும்போதும் சைஸிங் டையின் பிடி கொஞ்சம் மாறத்தான் செய்யும். மசகு குறைந்தாலும் ஷோல்டர் (கூட்டின் கழுத்துக்குக் கீழே உள்ள சரிவு) சரியாகப் பின்னுக்குப் போகாது. கிரிம்ப் (குண்டைப் பிடிக்க வாயை இறுக்குவது) அதிகமானால் ஷோல்டர் புடைக்கும். ஆனால் என் கூடுகள் பிரஸ் பக்கமே போகவில்லையே ஐயா!

எங்கே இடிக்கிறது என்று பார்க்க, கூடு முழுக்க மார்க்கர் மை பூசிக் கேஜில் அழுத்தி எடுத்தேன். சிலவற்றில் ஷோல்டரில் மை உரிந்திருந்தது. அது பின்னுக்குத் தள்ளப்படவே இல்லை. பெரும்பாலானவற்றில் அடிப்பாகத்தில், விளிம்புக்குச் சற்று மேலே உரிந்திருந்தது. மெஷின்கன் மாதிரி அகலமான சேம்பரில் (தோட்டா உட்காரும் அறை) சுட்ட கூடு அங்கேதான் உப்பும். சாதாரண டை அதைப் பிடிக்காது, அடிப்பாகத்தையும் இறுக்கும் ஸ்மால் பேஸ் டை வேண்டும். இன்னும் சில, விளிம்பில் எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை இழுத்தெடுக்கும் கொக்கி) கிழித்த பிசிர். கூட்டைத் தலைகீழாகத் திருப்பி அடிப்பக்கத்தைக் கேஜில் விட்டுப் பாருங்கள். அப்போதும் நுழையாவிட்டால் பிசிர்தான், அரத்தால் ஒரு தேய் தேய்த்தால் போதும். நீளமும் ஒழுங்கில்லை: உச்ச வரம்பு 1.760 அங்குலம், அதைத் தாண்டியவை கலந்து கிடந்தன.

இதெல்லாம்கூட அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம். ‘ஒரே தடவை சுட்டது’ என்பதுதான் பச்சைப் பொய். பிரைமர் (கூட்டின் அடியில் பொருத்தும், தீப்பொறி தரும் மூடி) சில கூடுகளில் கட்டைவிரல் அழுத்தத்திலேயே உள்ளே போனது, அதன் குழி பலமுறை சுட்டு அகன்றிருக்கிறது. பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுத்தால், வெப்புக்கு (கூட்டின் தடித்த அடிப்பகுதி) மேல் ஒரு பள்ளத்தில் தட்டுகிறது. பலமுறை சுட்டு நீண்டு, சுவர் மெலிந்ததன் அடையாளம் அது. அடுத்த சூட்டில் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரியலாம், சூடான வாயு முகத்துக்கு வரலாம். இதை டையை இறக்கிச் சரிசெய்ய முடியாது. சைஸ் செய்தால் கேஜில் அழகாக இறங்கும், ஆபத்து அப்படியே உள்ளே இருக்கும்.

பை பிரித்தாயிற்று, திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். மை உரிந்த கூடுகளையும் அளவுகோல் காட்டிய எண்களையும் படமெடுத்து, விளம்பரப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டோடு கிரெடிட் கார்டு நிறுவனத்துக்கு அனுப்பினேன். இந்தப் புகாரைத் தள்ளிப்போடாதீர்கள், ஸ்டேட்மென்ட் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் போவது நல்லது. பணம் வந்தது. கூடுகளைப் பழைய உலோகக் கடையில் போடும் முன், வேறு யாரும் பொறுக்கி விற்காதபடி பிளையரால் வாயை நசுக்கிவிட்டேன்.