சீல் யாருடையது? சான்றளித்த மொழிபெயர்ப்புக்கு யாரிடம் போவது

பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்துத் தரச் சொல்லி யாராவது வந்தால் நான் முதலில் கேட்பது, "எந்த அலுவலகத்தில் கொடுக்கப் போகிறீர்கள்?" என்பதைத்தான். பலருக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருக்கும். "எங்கே கொடுத்தால் என்ன, சீல் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். சிக்கலே அந்தச் சீலில்தான். சான்றளித்த மொழிபெயர்ப்பு என்று எல்லோரும் ஒரே பெயரில் கேட்டாலும், ஒரு நாட்டில் அது இரண்டு மொழி தெரிந்த ஒருவர் கையெழுத்திட்ட நாலு வரி. இன்னொரு நாட்டில் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்தவரின் முத்திரை. அந்த நாலு வரியைக் கொண்டுபோய் இரண்டாவது நாட்டில் நீட்டினால் அப்படியே திருப்பித் தருவார்கள்.

நம் முன்னால் இருக்கும் வழிகள் இவை: தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்வது, தனியாகத் தொழில் செய்யும் மொழிபெயர்ப்பாளர், ஏஜென்சி, அரசோ நீதிமன்றமோ நியமித்த மொழிபெயர்ப்பாளர். நோட்டரியையும் இந்த வரிசையில் சேர்க்கிறார்கள். அது வேறு கதை, பின்னால் வருகிறேன்.

குடியேற்ற விண்ணப்பத்தில்தான் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அமெரிக்கக் குடியேற்ற விதி கேட்பது கொஞ்சம்தான். ஆங்கில மொழிபெயர்ப்பு முழுமையாக இருக்க வேண்டும். அது முழுமையானது, சரியானது என்றும், தனக்கு அந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கும் திறன் உண்டு என்றும் மொழிபெயர்த்தவர் எழுதிச் சான்றளிக்க வேண்டும். உரிமமோ நோட்டரியோ அந்த விதியில் இல்லை. ஆக, எளிய சான்றிதழ் என்றால் மொழி நன்றாகத் தெரிந்த நண்பரே போதும். தன் காகிதத்தைத் தானே மொழிபெயர்த்துத் தானே கையெழுத்திடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். வீணாக ஒரு சந்தேகத்தை ஏன் கிளப்ப வேண்டும்?

இதே துணிச்சலோடு கனடாவுக்கு விண்ணப்பித்தால் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே குடும்பத்தார் செய்த மொழிபெயர்ப்பு செல்லாது. பெற்றோர், உடன்பிறந்தவர், துணைவர் மட்டுமல்ல, மாமா, அத்தை, அவர்கள் பிள்ளைகள் வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. அந்த உறவினர் வக்கீலாகவோ அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளராகவோ இருந்தாலும் இதே கதைதான். சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்த்தவர் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். பிரிட்டன் இவ்வளவு கறார் இல்லை. மூலத்துக்குச் சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதி, தேதி, முழுப்பெயர், கையொப்பம், தொடர்பு விவரம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. ஆஸ்திரேலியாவில் மொழிபெயர்ப்பாளர் இருக்கும் இடத்தைப் பொறுத்து விதி மாறும். அந்த நாட்டுக்குள் என்றால், மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் நாட்டி (NAATI) என்ற அமைப்பின் அங்கீகாரம் வேண்டும். வெளியே செய்தால், செய்தவர் தன் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு தகுதியையும் அனுபவத்தையும் எழுதித் தர வேண்டும்.

ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் போனால் ஆட்டமே வேறு. ஜெர்மனியில் நீதிமன்றங்களில் உறுதிமொழி எடுத்தவர்கள், பிரான்ஸில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களின் பட்டியலில் இருப்பவர்கள், ஸ்பெயினில் வெளியுறவு அமைச்சகம் நியமித்தவர்கள். எவ்வளவு அருமையாக மொழிபெயர்த்தாலும் அந்தப் பட்டியலில் பெயர் இல்லாதவரின் கையெழுத்துக்கு அங்கே மதிப்பு குறைவு. பட்டியலில் இருப்பவர் நம் மொழியில் எத்தனை பேர் என்று பார்த்தால், காத்திருக்க வேண்டியதும் வரும். முதல் வேலையாக அவரைத் தேடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல.

சரி, நோட்டரி. ஒருவர் என்னிடம் கொண்டுவந்த மொழிபெயர்ப்பில் நோட்டரி முத்திரை பளபளவென்று இருந்தது, ஸ்டாம்பும் ஒட்டியிருந்தது. உள்ளே அப்பா பெயர் தப்பு. "நோட்டரி கையெழுத்துப் போட்டிருக்கிறாரே!" என்றார். அவர் போட்ட கையெழுத்து, "இந்த ஆள் என் முன்னால் கையெழுத்திட்டார்" என்பதற்கு. மூலத்தை அவர் படித்திருக்க வேண்டியதில்லை, அந்த மொழி அவருக்குத் தெரிந்திருக்கவும் வேண்டியதில்லை. வெளிநாட்டில் காட்டுவதற்காக ஆவணத்தோடு இணைக்கும் அப்போஸ்டில் என்ற சான்றும் ஏறக்குறைய இந்த ரகம்தான். 1961 அக்டோபர் 5-இல் ஹேக் நகரில் உருவான உடன்படிக்கையின்படி, ஓர் அரசு ஆவணத்தில் உள்ள கையொப்பமும் முத்திரையும் உண்மையானவை என்று அது சொல்கிறது. உள்ளடக்கம் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. சீனா 2023 நவம்பரிலும் கனடா 2024 ஜனவரியிலும்தான் இந்த ஏற்பாட்டுக்குள் வந்தன. அதனால் பழைய அனுபவத்தை வைத்து யோசனை சொல்பவர்களை அப்படியே நம்ப வேண்டாம். அப்புறம், அப்போஸ்டிலை மூலத்தில் வாங்குவதா, மொழிபெயர்ப்பில் வாங்குவதா என்பதையும் பெறும் அலுவலகத்திடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். மொழிபெயர்த்து முடித்தபின் மூலத்தில் அப்போஸ்டில் ஒட்டினால், அந்தத் தாளுக்காக மறுபடி வர வேண்டியிருக்கும்.

மொழிபெயர்ப்பே தேவைப்படாத இடமும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் பிறப்பு, திருமணம் போன்ற சான்றிதழ்களோடு பன்மொழிப் படிவம் ஒன்றைச் சேர்த்து வாங்கலாம். 2019 பிப்ரவரி 16 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும். இதைச் சொல்லி ஒரு வாடிக்கையாளரை நானே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தனி ஆளா, ஏஜென்சியா? ஒரே மொழியில் ஐந்தாறு பக்கம் என்றால் என் ஓட்டு தனி ஆளுக்கு. சந்தேகம் வந்தால் நேரே பேசலாம். "பாஸ்போர்ட்டில் எப்படி எழுதியிருக்கிறது?" என்று அவர் கேட்கிறாரா என்று பாருங்கள். பாலன் என்ற பெயரைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது முதலெழுத்து இரண்டு விதமாக வரலாம். நம் எழுத்து ஒன்றுதான், ஒலி இரண்டு. 03/04/2012 என்ற தேதி மார்ச்சா ஏப்ரலா என்று கேட்பவரும் நம்பத்தக்கவர். மூலத்தில் இருக்கும் தப்பைச் சத்தமில்லாமல் திருத்தித் தருபவர் ஆபத்தானவர். தப்பை அப்படியே வைத்து, கீழே குறிப்பு எழுதுவதுதான் முறை.

நாலு மொழியில் நானூறு பக்கம் என்றால் ஏஜென்சிதான் தாங்கும். மொழிபெயர்ப்புச் சேவைக்கான ஐஎஸ்ஓ 17100 என்ற சர்வதேசத் தரத்தின்படி நடக்கும் ஏஜென்சி என்றால், மொழிபெயர்த்தவர் அல்லாத இன்னொருவர் மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியாக வேண்டும். அது பெரிய பலம். பலவீனம், சான்றில் கையெழுத்திடுபவர். பல இடங்களில் வேலையை ஒருங்கிணைக்கும் மேலாளர் போட்டுவிடுகிறார், அவருக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் இருக்கலாம். அமெரிக்க விதி கேட்பது மொழிபெயர்த்தவரின் சான்றை. இதைக் கேட்டால் தயங்கும் ஏஜென்சியிடம் நான் கொடுக்க மாட்டேன். இயந்திரத்தில் போட்டு ஆள் திருத்தித் தருவது மலிவு. ஆனால் அது 17100-இன் வரம்புக்குள் வராது, அதற்கு 18587 என்று தனித் தரம் இருக்கிறது. எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தை இணையத்தில் கிடைக்கும் இலவச மொழிபெயர்ப்புக் கருவியில் ஏற்றியிருந்தால் ரகசியம் போன மாதிரிதான்.

வணிக ஒப்பந்தத்தில் சீலைவிடச் சொல் முக்கியம். "செலுத்த வேண்டும்", "செலுத்தலாம்" இரண்டுக்கும் நடுவே ஒரு வழக்கே இருக்கிறது. 1889-இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்த வுச்சாலே ஒப்பந்தத்தின் 17-ஆம் பிரிவு இதற்குப் பெயர்போனது. அயல்நாடுகளோடு பேச எத்தியோப்பியா இத்தாலியின் உதவியைப் பயன்படுத்தலாம் என்றது அம்ஹாரிக் பிரதி. அதைக் கட்டாயமாக்கியது இத்தாலியப் பிரதி. சண்டை 1896-இல் அட்வா போர்க்களம் வரை போனது. அதனால் இருமொழி ஒப்பந்தம் என்றால், முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்ற வரி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துறை தெரிந்த மொழிபெயர்ப்பாளரும், அவருக்குப்பின் அதைப் படிக்க ஒரு வக்கீலும் இருந்தால் சீல் இல்லாவிட்டாலும் குடி முழுகாது. நீதிமன்றத்துக்குப் போகும் சாட்சி ஆவணம் இதற்கு நேர் எதிர். மொழிபெயர்த்தவரையே கூண்டில் ஏற்றிக் கேள்வி கேட்கலாம். வந்து நிற்கத் தயாராக இருப்பவரைப் பிடியுங்கள். தெரிந்தவரை வைத்துச் செய்துகொள்ளும் வழியை அங்கே மறந்துவிடுங்கள்.

ஒருமுறை நான் செய்த வேலையே திரும்பி வந்தது. பெயர், தேதி, பதிவு எண் எல்லாம் சரி. எனக்கு வந்த ஸ்கேனில் முன்பக்கம் மட்டும் இருந்தது. பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று நான் கேட்கவில்லை. அங்கே பாதி அழிந்த ஒரு ரப்பர் ஸ்டாம்பும் கையால் எழுதிய ஒரு தேதியும் இருந்திருக்கின்றன. முழுமையான மொழிபெயர்ப்பு என்று நான் கையெழுத்திட்ட தாளின்மேல் அலுவலகம் எழுதியிருந்தது ஒரே சொல்: "பின்பக்கம்?"